முப்பத்தொரு பேருக்கு ஒரே கை

அன்புள்ள குணா,

நீ சாட்சி சொன்ன அன்று, சுங்கைப் பட்டாணி நீதிமன்றத்தில் நாள் முழுக்க நான் வலது தொடையில் ‘36’ என்று வரிசையாக அச்சடித்த நீளமான ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருந்தேன். புதுக் கால்சட்டை. என் ஜாகா வேலைச் சீருடையில், காவல்காரன் உடுப்பில், நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்று உன் அம்மாதான் முதல் நாள் கோலா கெத்திலில் வாங்கி வந்தாள். விலை அட்டையைக் கழற்றினேன், குத்தியிருந்த ஊசியை எடுத்தேன், தொடையில் ஒட்டியிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது தேத்தண்ணீர்க் கடைப் பெண்தான் சொன்னாள். “அண்ணே, கால்ல சைஸ் ஒட்டியிருக்கு லா.” நான் சிரித்தேன். அதற்கு அரை மணி நேரம் முன்னால்தான் நீ உன் வேலையையும் பெயரையும் அந்தக் கூண்டில் இறக்கி வைத்துவிட்டுப் பக்கவாசல் வழியாகப் போயிருந்தாய். அந்த நேரத்திலும் எனக்குப் பல் தெரிந்தது. என் மூஞ்சி அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்ய.

அடுத்த வாரம் நீ கடல் தாண்டி மீரிக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். பலகைத் தொழிற்சாலையில் சரக்கு அறை வேலையாம். ஒரு கையெழுத்தைப் பார்த்து இது உண்மை, இது போலி என்று நீதிமன்றத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தவன், இனி பலகைக் கட்டுகளுக்கு எண் போடப் போகிறாய். என்னிடம் நீ பேசி ஐந்து மாதம் ஆகிறது. கோபம் என்று நான் நினைக்கவில்லை. கோபமாக இருந்தால் போன் செய்து திட்டியிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். காரணம் இருக்கிறது. நம் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்கள் இப்போது மெர்கோங், பண்டார் பாரு, சுங்கைப் பட்டாணி அடுக்குமாடி என்று ஆளுக்கொரு திசையில் கிடக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்க எனக்கு முழங்காலும் இல்லை, முகமும் இல்லை. அவர்களில் பலருக்குப் படிக்க வராது. பிள்ளைகள் யாராவது எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டட்டும். எழுதுகிறவனும் மூன்றாம் படிவம் தேறாதவன்தானே, சரியாகப் போகும்.

தோட்டத்தில் நான் மண்டோராகக்கூட, கங்காணியாகக்கூட, ஆனதில்லை. மருந்தடிக்கிற கூட்டத்தில் முதுகில் தொட்டி சுமந்தவன். ஆனால் சட்டைப் பையில் பேனா செருகியிருந்த ஒரே ஆள் நான். பள்ளிக்கூடப் படிவம், மருத்துவமனைக் கடிதம், கோயிலுக்குக் கொட்டகை கேட்டு மனு, எல்லாம் என்னிடம் வரும். முதலில் எழுதிக் கொடுத்தேன். பிறகு அவர்களுக்காகக் கையெழுத்தும் போட்டேன். “அண்ணே, நீங்களே போட்டுருங்கண்ணே” என்பார்கள். கட்டைவிரலில் மை அப்பிக்கொண்டு நிற்பது அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. நானும் ஏனோதானோ என்று போட மாட்டேன். ஆளுக்கு ஒரு கையெழுத்து உண்டாக்கிக் கொடுத்தேன். அஞ்சலை அக்காவுக்குத் தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு. காத்தாயிக்குக் கடைசியில் மூன்று புள்ளி. வீரப்பனுக்கு இரண்டு பக்கமும் மீசை முறுக்கு. ஒருமுறை வீரப்பன் வங்கியிலிருந்து பாதியில் ஓடி வந்தான். “அண்ணே, என் கையெழுத்து எப்படி லா இருக்கும்? அங்க போட்டுக் காட்டச் சொல்றான்.” அவன் கையெழுத்தை அவனுக்கே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். லயமே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். முப்பத்தொரு பேருக்குக் கையெழுத்து தந்தவன் என்ற மிதப்பு.

நான்காம் வகுப்பில் நீ ஒரு வேலை செய்தாய், நினைவிருக்கும். கணக்கில் சிவப்பு மார்க்கு. தேர்ச்சி அட்டையை என்னிடம் காட்டாமல் நீயே என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாய். ஆசிரியை ஏமாந்துவிட்டார். அடுத்த பருவத்தில் அட்டை வந்தபோது நான் பார்த்த உடனே பிடித்தேன். நான் கடைசிக் கோட்டை மேலே இழுப்பேன். நீ கீழே இழுத்திருந்தாய். “என் கையெழுத்த எனக்கே போட்டுக் காட்டறியா?” என்று தண்ணீர்க் குழாய்த் துண்டால் இரண்டு வைத்தேன். நீ அழுதுகொண்டே கேட்டாய்: “நீங்க மட்டும் அஞ்சலை அத்தை கையெழுத்த போடலாமா?” அந்தக் கேள்விக்கு அன்றைக்கே நான் பதில் யோசித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நான் அதை நகைச்சுவையாக்கி முடிதிருத்தகம் வரை போய்ச் சொன்னேன். “பாத்தீங்களா, என் மவன் வக்கீலுக்குப் படிக்கப் போறான்!” நீ வக்கீலுக்குப் படிக்கவில்லை. வேதியியல் படித்தாய், அரசாங்க ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாய், ஆவணப் பிரிவுக்குப் போனாய். மை, அழுத்தம், பேனா எங்கே தயங்கியது, எங்கே தூக்கியது என்று நீ விளக்கும்போது நான் புரிந்ததுபோல் தலையாட்டுவேன். இது என் பழைய நோய். புரியாததற்குத் தலையாட்டுவது.

அந்த நோய்தான் லயத்தைத் தின்றது. தோட்டம் கைமாறியபோது புது முதலாளியின் ஏஜெண்டாகப் பாஸ்கரன் என்பவன் வந்தான். நம் ஆள், நம் பேச்சு, வந்த உடனே கோயிலில் சூடம் ஏற்றினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் கொட்டகையில் எல்லாரையும் கூட்டி ஒரு கட்டுத் தாளை என் கையில் கொடுத்தான். முதல் தாள் மலிவு வீடு கேட்டு விண்ணப்பம். அதை நான் ஒழுங்காகவே படித்தேன். அடுத்த இரண்டு தாளும் சட்டத்து மலாய். நான் கடையில் பேசும் மலாய் வேறு, அது வேறு. இரண்டு வரி தாண்டியதும் கண் வழுக்கியது. எதிரே முப்பத்தொரு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “புரியலை, யாராவது படிச்சவங்ககிட்ட காட்டுவோம்” என்று சொல்ல வேண்டியதுதானே? படிச்சவன் நான்தானே அங்கே! நாக்கில் விரலைத் தொட்டுத் தாளைப் புரட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் ‘ம்ம்’ என்றுகூடச் சொன்னேன். கடைசியில், “எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றேன். “அண்ணன் படிச்சிட்டாரு, அப்புறம் என்ன?” என்றாள் அஞ்சலை அக்கா. நான் உட்கார்ந்து முப்பத்தொரு பேருக்கும் போட்டு, முப்பத்திரண்டாவதாக எனக்கும் போட்டேன். எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வீடுகளைக் காலி செய்கிறோம், பதிலுக்கு வீடு கேட்க மாட்டோம் என்று அந்த இரண்டு தாளும் சொன்னதாக, காலி செய்யும் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். எல்லாரும் போலீஸுக்குப் போனார்கள். “இதுல நாங்க கையெழுத்து போடல” என்று சொன்னார்கள். அது உண்மைதான், அவர்கள் போடவில்லை. யார் போட்டது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. புறப்படும் முன்பே அஞ்சலை அக்கா கோயில் முன்னால் நின்று கட்டளை போட்டிருந்தாள். “அண்ணன் பேர எவனாவது இழுத்தீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன். அவர் நமக்குச் செஞ்சது கொஞ்சமா?” ஊரே சேர்ந்து ஒரு ஆளைக் காப்பாற்ற நினைத்து, தங்கள் நியாயமான வழக்கில் தாங்களே ஓட்டை போட்டுக்கொண்டார்கள். நான் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னது பாதி உண்மை. என் முறை வந்தபோது “நானும் போடல” என்றேன். அது முழுப் பொய். பாஸ்கரன்தான் எல்லாருடைய கையெழுத்தையும் போலியாகப் போட்டான் என்று வழக்கு எழுந்தது. எங்கள் முப்பத்திரண்டு பேரிடமும், அவனிடமும், மாதிரிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கட்டுதான் உன் மேசைக்கு வந்தது.

நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்த அந்த ஞாயிறு மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா கோழி சமைத்திருந்தாள். நீ பாதித் தட்டில் கையைக் கழுவினாய். ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்து, “வீரப்பன் மாமா கையெழுத்த போடுங்கப்பா” என்றாய். எனக்கு ஒரே குஷி. மகன் பெரிய ஆய்வாளர், அப்பன் திறமையைப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். மீசையை முறுக்கிப் போட்டேன். “அடுத்தது?” என்று நானே கேட்டேன். அஞ்சலை அக்காவின் தூண்டில், காத்தாயியின் மூன்று புள்ளி என்று வரிசையாகப் பதின்மூன்று போட்டுவிட்டு, “எப்படி?” என்று தலையைத் தூக்கினேன். நீ சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாய்.

“ஃபைல்ல உங்க பேரப் பாத்ததுமே திருப்பிக் குடுத்திருக்கணும்பா. ஒரு நாள் பாத்துட்டுக் குடுக்கலாம்னு வச்சிட்டேன். நாளைக்குக் குடுத்துடறேன்” என்றாய்.

“ஏன்னு கேப்பாங்களே?”

“கேப்பாங்க. சொல்லணும்.”

“என்னைய லொக்காப்புல போட்டுருவாங்கடா.”

“போட மாட்டாங்க. நீங்க ஏமாத்தல. உண்மையச் சொன்னா, அந்த ஆளு எப்படி வாங்கினான்னு கேஸு வேற மாதிரி போகும். ஆனா நீங்க வந்து சொல்லணும்பா.”

நீ அவ்வளவு தெளிவாக வழி காட்டினாய். நான் என்ன சொன்னேன்? “என்னைய விடு. அந்த முப்பத்தொரு குடும்பத்த நெனச்சுப் பாரு. பாஸ்கரன் போடலன்னு நீ எழுதினா அவன் தப்பிச்சிருவான். அவங்க தெருவுல நிப்பாங்க” என்றேன். குணா, இதுதான் நான் உனக்குச் செய்தவற்றில் ஆகக் கேவலமானது. எனக்கு அப்போது அஞ்சலையும் நினைவில் இல்லை, காத்தாயியும் நினைவில் இல்லை. கையில் விலங்கு போட்டு முடிதிருத்தகத்தைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போவார்களே, அது ஒன்றுதான் கண்ணில் இருந்தது. முப்பத்தொரு குடும்பத்தை முன்னால் நிறுத்திவிட்டு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.  பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அடுப்பில் காட்டினாய். ஆதாரத்தைப் பாதுகாப்பதையே தொழிலாகக் கொண்ட பிள்ளையை ஆதாரம் கொளுத்த வைத்தவன் நான். அம்மா, “என்ன கருகுது?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல லா, பழைய பில்லு” என்று நான்தான் பதில் சொன்னேன்.

உன் அறிக்கையில் நீ ஒரு பொய்கூட எழுதவில்லை என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லியிருப்பாய். முப்பத்திரண்டும் ஒரே கை. அது யாருடைய கை என்பதில் முடிவுக்கு வர இயலவில்லை. அந்தக் கடைசி வரி உனக்கு எத்தனை நாள் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. இனி எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். பெற்றவன் பயந்துபோய் ஒன்றைக் கேட்டால் கொடுக்காதே. பயத்தில் கேட்கிறவனுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். வேறு யாருக்கு இருக்கிறது? பள்ளத்தில் விழுந்தவனுக்குத்தானே அதன் ஆழம் தெரியும்.

நீதிமன்றத்தில் பாஸ்கரனின் வக்கீல் வெகு மரியாதையான மனிதர். பாஸ்கரன் எல்லாவற்றையும் அவரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறான். நான் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே அவன். இரண்டு பேரும் அன்றைக்கென்று காத்திருந்திருக்கிறார்கள். அவர் உன் முழுப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நீ சொன்னாய். குணாளன், அனாக் லெலாக்கி, அதாவது இன்னாருடைய மகன், அதற்குப் பின்னால் என் பெயர். நம் அடையாள அட்டையில் பிள்ளையின் பெயரோடு அப்பன் பெயரையும் கட்டிவிட்டிருக்கிறார்களே, எங்கே ஓடுவது? அவர் பட்டியலைத் திருப்பி, முப்பத்திரண்டாவது பெயரை நிறுத்தி வாசித்தார். என் பெயர்தான்.  “இந்தத் தோட்டத்தில் பிறந்தவரா நீங்கள்?” ஆமாம். “இந்தப் பட்டியலில் இருப்பவர்களைத் தெரியுமா?” தெரியும். “அப்படியென்றால் இதையெல்லாம் எழுதிய கை யாருடையது என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்குமே?”  தலையைத் திருப்பி, மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாய். பிறகு நீதிபதி பக்கம் திரும்பிச் சொன்னாய். “தெரியும். என் அப்பாவுடையது.”

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மளமளவென்று சரிந்தது. உன் அறிக்கை குப்பையானது. புகார் கொடுத்தவர்கள் பொய் சொன்னவர்கள் ஆனார்கள். பாஸ்கரன் விடுதலையாகி வந்து, வாசலில் என்னைப் பார்த்து, “வணக்கம்ணே” என்றான். லயத்தை இடித்தார்கள், அஞ்சலை அக்கா வைத்திருந்த முருங்கையைக்கூட விடவில்லை. உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், நீயே விலகிக்கொண்டாய். நீ முன்பு ஒழுங்காக எழுதிய அறிக்கைகளைக்கூட இப்போது வக்கீல்கள் தோண்டி எடுக்கிறார்களாம். உன் சொல்லால் உள்ளே போன குற்றவாளிகள், உன் சொல்லைக் காட்டியே வெளியே வரப் பார்க்கிறார்கள் என்று அம்மாவிடம் நீ சொல்லி அழுதாயாமே. என்னை என்ன செய்தார்கள்? மூன்று தடவை கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். முப்பத்தொரு பேரும் “நாங்கதான் போடச் சொன்னோம்” என்று வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். விட்டுவிட்டார்கள். நான் பயந்த விலங்கு வரவே இல்லை, குணா. நீ அன்று மத்தியானம் சொன்னதுதான் நடந்தது. நான் அஞ்சியது ஒன்றுமே இல்லாத ஒன்றுக்கு.

யாராவது என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன மாதம் வீரப்பன் வாடகை வீட்டுப் படிவத்தோடு வந்தான். “அண்ணே, போட்டுருங்கண்ணே.” நான் மாட்டேன் என்றேன். “இன்னும் என் மேல கோவமாண்ணே? நான் ஒண்ணும் வெளிய சொல்லலியே” என்றான். அவனுக்கு என் மேல் இல்லாத கோபம், எனக்கு அவன் மேல் இருப்பதாக நினைத்துக் கலங்கிப் போய்விட்டான். கட்டைவிரல் வைக்கச் சொன்னேன். மை இல்லை. அம்மாவின் கண்மையைத் தடவி வைத்துக்கொண்டு போனான். போகும்போது விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். அது போகவில்லை.

மீரியில் மழை அதிகம் என்கிறார்கள். குடை வாங்கிக்கொள். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடு. ஒருநாள் கேவலத்தோடு போய்விடும். கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிடாதே. பிள்ளை பிறந்தால் அதன் அடையாள அட்டையில் உன் பெயர் வரும். அதோடு நிற்கும், என் பெயர் அதில் வராது. அது ஒரு நிம்மதி எனக்கு.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் மூன்று தாள் சுற்றி வளைத்தேன். வக்கீல் கேட்டதற்கும் நீ பதில் சொன்னதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்ததே, ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கிற நேரம். நீ என்னைப் பார்த்தாய். என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதற்கு மன்னிப்புக் கேட்கும் பார்வை அது என்று அம்மா சொல்கிறாள். அவளுக்குத் தெரியாது. நீ எனக்காகக் காத்திருந்தாய். நானாக எழுந்தால், மகன் வாயால் சொல்ல வேண்டியதை அப்பன் வாயால் சொல்லிவிட்டால், உனக்கு ஏதோ கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். அன்று வெளியே வந்ததும், “எந்திரிக்கத்தான் பாத்தேன், மலாய்ல எப்படிச் சொல்றதுன்னு வாக்கியம் வரல, அதுக்குள்ள அவன் சொல்லிட்டான்” என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பினாள். அப்பனுக்கு மலாய் வராது என்று நீயும் நினைத்து மன்னித்திருப்பாய்.

வாக்கியம் வந்தது. காலையில் பேருந்தில் வரும்போதே கோத்து, பாடம்கூடப் பண்ணி வைத்திருந்தேன். நீ பார்த்த நேரம் முழுக்க அது என் வாயில் முழுசாக இருந்தது: “யாங் ஆரிஃப், சாயா யாங் தண்டாதாங்கான். ஜாஙான் தாஞா அனாக் சாயா.” நீதிபதி ஐயா, கையெழுத்து போட்டவன் நான். என் மகனைக் கேட்காதீர்கள்.